அது மரம், இது தென்னை

"யாரு கைக்குக் கீழ வேலை பாத்த தம்பி?"

மேஸ்திரி கேட்டது இந்த ஒரு கேள்விதான். செயின்சாவோடு வந்து நின்ற பையன், வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டுகளில் சில்வர் ஓக் வெட்டும் செட்டில் இருந்ததாகச் சொன்னான். "அது மரம். இது தென்னை. நீ கீழ கெடக்குறத அறு, நிக்கிறத நாங்க பாத்துக்குறோம்" என்றார் மேஸ்திரி. "சரிண்ணே" என்று அவன் போய்விட்டான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போட்ட தோப்பு அது. யார் எதை வெட்டுவது என்பதில் கடைசிச் சொல் என்னுடையதாக இருந்தது. மேஸ்திரி சொன்னபடியே ஆகட்டும் என்றேன். மரவேலையில் யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் எனக்கு அந்த "அது மரம், இது தென்னை"தான் முன்னால் வந்து நிற்கிறது. அதில் பாதி அசல் தொழிலறிவு. மீதிப் பாதிதான் உறுத்துகிறது.

அறிவுப் பாதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேஸ்திரியை வெறும் வீம்புக்காரர் என்று எடுத்துக்கொண்டால் கதையே தப்பாகிவிடும்.

மலையில் மரம் சாய்க்கிறவன் கை கீலுக்குப் பழகியது. மரம் விழவேண்டிய பக்கம், அடிமரத்து விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்குவரை ஆழமாக ஒரு வாய், அதாவது ஆப்பு வடிவப் பள்ளம், வெட்டுவான். மேல்வெட்டும் கீழ்வெட்டும் ஒரே கோட்டில் முடிய வேண்டும். ஒன்று மற்றதைத் தாண்டிப் போய்விட்டால், மரம் சாயத் தொடங்கியதுமே அந்தச் சின்னப் பிளவு முதலில் மூடிக்கொண்டு, மரத்தை மேற்கொண்டு மடங்கவிடாது; கீல் பிய்ந்துபோகும். வாய் சரியாக அமைந்த பிறகு பின்பக்கத்திலிருந்து அறுத்து வருவான். இரண்டுக்கும் நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு அறுக்காமல் விடுவான். 40 செ.மீ. மரமென்றால் 4 செ.மீ. அந்த மிச்சம்தான் கீல். மரம் அதில் மடங்கி இறங்கும்வரை திசை அவன் கையில் இருக்கும். மரம் பின்னுக்குச் சாய்ந்து பிளேடைக் கவ்வாமலிருக்க, பின்வெட்டில் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஆப்பை அடிப்பான். இரும்பு ஆப்பு கோடாரிக்காரர்களுக்குச் சரி. செயின் அதில் பட்டால் பல் போய்விடும்.

முன்னுக்குச் சாய்ந்து நிற்கும் மரத்தில் அவன் வேறு மாதிரி வெட்டுவான். சாய்ந்த தைல மரத்தைச் சாதாரணமாகப் பின்னாலிருந்து அறுத்து வந்தால், கீல் அளவுக்கு வருவதற்குள்ளேயே தண்டு நெடுக்கில் கிழிந்து, பின்பாதி மேலெழும்பி அறுக்கிறவன் முகத்துக்கு வரும். அதனால் கீலுக்குப் பின்னால் பிளேடின் நுனியைத் தண்டுக்குள் குத்தி, அங்கிருந்து பின்பக்கமாக அறுத்துப்போய், கடைசியில் ஒரு பிடிப்பை மட்டும் விட்டுவைத்து, எல்லாரும் விலகிய பிறகு அதைத் தட்டிவிடுவான். இது தெரிந்த கை, சாதாரணக் கை இல்லை.

ஆனால் தென்னையில் இதெல்லாம் அப்படியே செல்லாது. தென்னைக்கு ஆண்டு வளையம் கிடையாது, வைரம் பாய்ந்த நடுமரம் கிடையாது. பலமெல்லாம் ஓரத்தில். முற்றிய தென்னையின் வெளிவட்டக் கட்டை, காய்ந்த கணக்கில், கன மீட்டருக்கு 600 கிலோவைத் தாண்டும். நடுவில் 400 கிலோகூட இருக்காது, ஈரம் ஊறிய சோறு. கீலின் நடுப்பகுதி வெறும் பேருக்குத்தான். பிடித்திருப்பவை அதன் இரண்டு முனைகள். ஒரு முனையை அறுத்துவிட்டால் மரம் மறுமுனைப் பக்கம் திரும்பிவிடும். ஆப்பு அடித்தால் தென்னை தூக்காது. ஆப்பு அந்தச் சோற்றில் புதையும். ஆகவே கயிறு வேண்டும். கயிற்றை உயரத்தில் கட்ட ஆள் ஏற வேண்டும். புயலில் தூர் அசைந்த தென்னையில் ஏறலாமா என்பதை அடியில் மண் வெடித்திருக்கும் விதத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அதையும் பிறந்ததிலிருந்து தென்னையோடு இருக்கிறவர்தான் சொல்ல முடியும். வெளிவட்டத்து நார் செயினை மழுக்குகிற வேகமே தனி. மலையில் ஒரு முறை அராவினால் அரை நாள் ஓடுகிற செயின், இங்கே நாலைந்து மரத்துக்குள் சில்லுக்குப் பதிலாக மாவு தள்ளத் தொடங்கும். மாவு வந்தால் பல் போய்விட்டது என்று அர்த்தம்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் மேஸ்திரி கதவைச் சாத்தியது நியாயம். வீட்டை ஒட்டி, மின்கம்பியை ஒட்டி அரைகுறையாய் நின்ற தென்னைகளை மலைக்காரன் கையில் கொடுத்திருக்க முடியாது. நான் தலையாட்டியதற்குக் காரணமும் அதுதான். இப்போதும் நிற்கிற தென்னையை அவரிடம்தான் கொடுப்பேன்.

"நீ கீழ கெடக்குறத அறு" என்ற பின்பாதியில்தான் எனக்குச் சிக்கல்.

மரம் வெட்டும் தொழிலில் எங்கே போனாலும் ஏணி இப்படித்தான் இருக்கிறது. நிற்கிற மரத்தைச் சாய்ப்பவர் மேல்படி. கிளை கழிப்பவர், துண்டு போடுபவர், இழுப்பவர் கீழ்ப்படி. அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளிலும் புதுசாய் வருகிறவனுக்கு முதல் வேலை, விழுந்த தடியில் கம்பி வடத்தை மாட்டிவிடுவதுதான். சாய்க்கும் வேலை வெகு காலம் கழித்துத்தான் கைக்கு வரும். நிற்பது பெரிய வேலை, கிடப்பது சின்ன வேலை என்ற கணக்கு. நிலத்தில் கிடக்கிறதே, இனி எங்கே விழப்போகிறது என்று பார்க்கிறவர்களுக்கும் தோன்றும்.

காற்று சாய்த்த தோப்பில் இந்தக் கணக்கு தலைகீழ். நிற்கிற மரத்தில் எடை எங்கே இருக்கிறது என்று அண்ணாந்தால் தெரியும். குவியலாய்க் கிடப்பதில் எது எதைத் தாங்குகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஒரு தண்டு இரண்டு முனையிலும் தாங்கி நடுவில் தொய்ந்திருந்தால் மேல்பக்கம் நெருக்குண்டிருக்கும், அடிப்பக்கம் இழுபட்டிருக்கும். முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை அறுத்து நிறுத்தி, மிச்சத்தை அடியிலிருந்து மேல்நோக்கி அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் இருந்தால் இது மாறிவிடும்: அடியில் முதலில் கொஞ்சம், பிறகு மேலிருந்து. மாற்றிச் செய்தால் ஒன்று பிளேடு கவ்விக்கொள்ளும், இல்லையென்றால் தண்டு கிழிந்து தெறிக்கும். பக்கவாட்டில் வில்லாய் வளைந்து கிடப்பது இன்னும் மோசம். அறுந்ததும் அது வெளிவளைவின் பக்கம் பாயும். ஆகவே உள்வளைவின் பக்கம்தான் நிற்க வேண்டும். தென்னைகள் அதிகம் வளையாது. ஆனால் அந்தத் தோப்பில் வரப்போரம் மா, பலா, வேம்பு எல்லாம் தென்னைகளுக்கு அடியில் மாட்டிக் கிடந்தன. அவை வளையும்.

அப்புறம் தூர். வேரோடு பெயர்ந்த மரத்தில், தண்டின் எடைதான் வேர்க்கட்டு முழுவதையும் மண்ணோடு தூக்கி நிறுத்திவைத்திருக்கிறது. தண்டைத் துண்டித்ததும் அந்தக் கட்டு தன் குழிக்கே திரும்பி விழும், சமயத்தில் மிச்சத் தண்டையும் தூக்கிக்கொண்டு நிமிரும். குழிக்குள்ளோ வேர்க்கட்டுக்குப் பின்னாலோ ஆள் இருக்கக் கூடாது, அடித்தண்டை நீளமாக விட்டு அறுக்க வேண்டும், முடிந்தால் வேர்க்கட்டுக்குக் கயிறு போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். நிழலுக்காக அந்தக் குழியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் இருந்தார்கள்.

ஆக, மேஸ்திரி பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்ததைவிட, "இது சின்ன வேலை" என்று திறந்துவிட்ட பக்கத்தில்தான் ஆபத்து கூடுதல். விந்தை என்னவென்றால், அந்தப் பையனுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். சரிவில் சாய்ந்து ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் மரங்களை அறுத்துப் பழகியவன். மேஸ்திரியின் ஆட்களில் யாரும் அதற்கு முன் இப்படி ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்த தோப்பில் வேலை செய்ததில்லை. அப்படியென்றால் மேஸ்திரி, தெரியாமலே, சரியான ஆளைச் சரியான வேலைக்கு அனுப்பினாரா? சில நாள் அப்படிச் சொல்லித்தான் சமாதானம் செய்துகொள்கிறேன். ஆனால் பையனை அனுப்பியது தெரிந்தவன் என்பதற்காக இல்லை, வெளியாள் என்பதற்காக. அவன் கூடவே கிளை கழிக்க அனுப்பப்பட்ட கத்துக்குட்டிகளுக்கு மலையும் தெரியாது, தென்னையும் தெரியாது.

"யாரு கைக்குக் கீழ வேலை பாத்த" என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். அது நல்ல கேள்வியா, கெட்ட கேள்வியா? இந்தத் தொழிலுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத ஊரில், ஒருவனின் குரு யார் என்பதுதான் சான்றிதழ். அதே சமயம், தன் சொந்தக்காரர்களையும் தன் தெருக்காரர்களையும் தவிர யாரையும் ஏற்காமலிருக்கவும் அந்தக் கேள்வியே போதும். பதில் என்னவாக இருந்தாலும் "அது வேற" என்று சொல்லிவிடலாம். இரண்டு வேலையையும் ஒரே கேள்வி செய்கிறது. கேட்கிறவருக்கே, தான் எந்த வேலைக்காகக் கேட்கிறோம் என்று தெரியாமலிருக்கலாம்.

கையைச் சோதிக்க வேறு வழிகள் உண்டு. ஒரு அரத்தைக் கொடுத்து அராவச் சொன்னால் போதும். கண்ணி அளவு எட்டில் மூன்று அங்குலம் உள்ள செயினுக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ. அரம், 0.325 அங்குலம் உள்ளதற்கு 4.8. எல்லாப் பல்லும் ஒரே கோணம், ஒரே நீளம். ஒரு பக்கத்துப் பல் குட்டையானால் வெட்டு கோணிக்கொண்டு போகும். பல்லுக்கு முன்னால், அது எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று கட்டுப்படுத்தும் ஆழக்கட்டையை மறந்துவிட்டுப் பல்லை மட்டும் அராவிக்கொண்டே போனால் செயின் மரத்தைத் தொட்டுத் தொட்டு வழுக்கும். ஆழக்கட்டையை அதிகம் தேய்த்தால் மிஷின் கையை இழுத்து உதறும். அது பல்லைவிடத் தாழ்ந்திருக்க வேண்டிய சாதாரண அளவு 0.65 மி.மீ. பெட்ரோல் லிட்டருக்கு எத்தனை ஆயில் என்று கேட்டால் 20 மி.லி. என்று யோசிக்காமல் வர வேண்டும். பிளேடின் நுனியில் எந்தப் பாகம் கட்டையில் பட்டால் மிஷின் எகிறி முகத்துக்கு வரும் என்று காட்டச் சொன்னால், மேல் கால்பாகத்தில் விரல் வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, மிஷினைக் கிளப்புவதற்கு முன்னால் "எந்தப் பக்கம் ஓடுவ?" என்று கேட்கலாம். விழும் திசைக்கு எதிரில், பின்பக்கமாகச் செங்கோணத்தில் பாதி, அதாவது 45 டிகிரி, விலகி, ஏற்கெனவே சுத்தம் செய்துவைத்த வழியைக் காட்டாதவனை எந்தக் கதவுக்குள்ளும் விடத் தேவையில்லை. மேஸ்திரி இதையெல்லாம் கேட்டிருக்கலாம். கேட்கும்படி நான் சொல்லியிருக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். தோப்புக்காரர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்த அந்த நாட்களில் அது நடக்கிற காரியமில்லை என்பது என் கட்சி.

சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது. எந்த மரத்தை வெட்டலாம் என்பதற்கு அனுமதி வாங்கியாக வேண்டும். வெட்டுகிறவன் யார், அவனுக்கு என்ன தெரியும் என்பதைப் பற்றி அந்த அனுமதி பேசாது. ஸ்வீடனில் செயின்சா பிடித்து வேலை செய்யப் பயிற்சிச் சான்று வேண்டும். அமெரிக்க விதி, சாய்க்கும் இடத்துக்கும் பக்கத்துக் குழுவுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மர உயரத் தூரம் கேட்கிறது. இங்கே 20 மீட்டர் தென்னைக்கு 40 மீட்டர் விட்டால் பக்கத்துத் தோப்புக்காரர் கொல்லைக்குள் போய்விடுவோம். சான்றிதழ் வந்தால் எல்லாம் சரியாகும் என்று நான் நம்பவில்லை. வந்தால் மேஸ்திரியின் கேள்விக்குப் பதில் ஒரு தாளாக மாறும், தாள் வாங்க வழியில்லாத பையன்கள் மறுபடியும் கிளை கழிக்கத்தான் போவார்கள்.

அந்தத் தோப்பில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு தூர் குழிக்குத் திரும்பி விழுந்தது, அதில் அந்த நேரம் ஆளில்லை, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒன்றும் ஆகாததால் மேஸ்திரி தான் செய்தது சரி என்று இருக்கிறார். நானும் அதே காரணத்தால்தான் என் தலையாட்டலைச் சரி என்று வைத்துக்கொள்ள முடிகிறது. இது ஒரு காரணமே இல்லை என்பதும் தெரியும்.

சரியாகச் செய்திருந்தால் குவியலை மேஸ்திரியின் கைதேர்ந்த ஆள் ஒருவரும் மலைப்பையனும் சேர்ந்து எடுத்திருக்க வேண்டும், பக்கத்தில் கயிறோடு ஒருவர், கண்காணிக்க ஒருவர். நாளில் வெட்டுகிற எண்ணிக்கை பாதியாகும். அரசு அறிவித்தது சாய்ந்த மரத்துக்கு 600 ரூபாய் இழப்பீடு, வெட்டி அகற்ற 500 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். ஆகவே கூலியும் மரக்கணக்கில்தான் பேசப்பட்டது. விழுந்த தடியைப் போட்டுவைத்தால் காண்டாமிருக வண்டும் கூன்வண்டும் பெருகி, பிழைத்து நின்ற தென்னைகளையும் தின்னும் என்ற அவசரம் வேறு. பாதி வேகத்துக்கான மீதிப் பணத்தை யார் கொடுப்பது என்று மேஸ்திரியைக் கேட்டால் தோப்புக்காரரைக் காட்டுவார். தோப்புக்காரர் அந்த ஐந்நூறைக் காட்டுவார்.