"வீட்டில் யாரையாவது நிரப்பச் சொல்லவும்"னு பதில் வந்துச்சு

எனக்குப் பார்வை கிடையாது, கம்ப்யூட்டர்ல என்விடிஏங்கிற இலவச ஸ்க்ரீன் ரீடர், அதாவது திரையில இருக்கறத வாய்விட்டுப் படிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர், அத வச்சுதான் எல்லாம் பண்றேன். ஒரு வேலைக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ண உக்காந்தேன், 15 நிமிஷத்துல முடிஞ்சிடும்னு நெனச்சது 7 வாரம் இழுத்துச்சு. எந்த எடம்னு சொல்லப் போறதில்ல, என்ன பண்ணா நகரும்னு மட்டும் எழுதறேன்.

முதல் பக்கத்துலயே தகராறு. டேப் அடிச்சுப் போனா "எடிட்", "எடிட்", "எடிட்"னு மட்டும்தான் சொல்லுது, எது பேரு எது முகவரின்னு ஒண்ணும் புரியல. பாக்கறவங்களுக்குக் கட்டத்துக்குப் பக்கத்துலயே எழுதியிருக்கும், ஆனா கோட்ல அந்த எழுத்தையும் கட்டத்தையும் முடிச்சுப் போடலைன்னா எனக்கு அது பேரில்லாத கட்டம்தான். மேல ஒரு வரி போய்ப் படிக்கறது, கீழ வந்து நிரப்பறதுன்னு தட்டுத்தடுமாறிப் போனா பிறந்த தேதிக்கு ஒரு காலண்டர் திறந்துச்சு பாருங்க, உள்ள போனவன் வெளிய வர முடியல, டேப் அடிக்க அடிக்க அதே தேதிங்கள சுத்திச் சுத்தி வருது, எஸ்கேப் அடிச்சாலும் மூடல. ரெஃப்ரெஷ் பண்ணேன், நிரப்பினது அத்தனையும் போச்சு. மூணாவது தடவை எப்படியோ கடைசி வரைக்கும் போயிட்டேன், அங்க படத்துல இருக்கற எழுத்த டைப் பண்ணச் சொல்லி கேப்ச்சா, ஆடியோ கிடையாது. முழிச்சிட்டிருக்கும்போதே டைம் அவுட்.

அன்னைக்கு ராத்திரியே கோவத்துல ஒரு மெயில் போட்டேன், உங்க சைட் எங்களுக்கு வேலை செய்யல, இது அநியாயம்னு. அப்படி எழுதினது என் தப்பு, அத வச்சு யாரும் எதையும் சரி பண்ண முடியாது. பத்து நாள் கழிச்சு பதில் வந்துச்சு, தலைப்புல போட்டிருக்கேனே அதான்.

தம்பிகிட்ட சொன்னா உடனே நிரப்பித் தந்துடுவான், அது இல்ல பிரச்சனை. என் பாஸ்வேர்ட், பழைய சம்பளம், மெடிக்கல் விவரம் எல்லாம் அவன் கண்ணு முன்னாடி எதுக்கு? வேலை கிடைச்சா அவனையும் கூட்டிட்டு வரட்டுமான்னு எழுதி, அனுப்பாம அழிச்சேன்.

ரெண்டாவது மெயிலுக்கு ரெண்டு நாள் எடுத்துக்கிட்டேன். என்விடிஏவோட டூல்ஸ் மெனுவுல ஸ்பீச் வியூவர்னு ஒண்ணு இருக்கு, அது பேசறதெல்லாம் எழுத்தா வரும். அத அப்படியே காப்பி பண்ணி ஒட்டினேன், 23 வரி, 23லயும் "எடிட்". வெப் அணுகலுக்கான டபிள்யூசிஏஜி விதிகள் நம்பரோட போட்டேன்: கேப்ச்சாவுக்கு 1.1.1, கட்டத்துக்குப் பேரில்லாததுக்கு 4.1.2, கீபோர்டு மாட்டிக்கறதுக்கு 2.1.2, டைம் அவுட்டுக்கு 2.2.1. இதுல ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏன்னு மூணு படி உண்டு, நான் சொன்ன நாலுமே அடிப்படையான ஏ. அப்புறம் 2006ல ஐநா ஏத்துக்கிட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அதோட 9வது பிரிவுல படிக்கட்டு, ரோடு மட்டுமில்ல இன்டர்நெட்டும் வருது, நியாயமா செஞ்சு தரக்கூடிய மாற்று ஏற்பாட்ட மறுத்தா அதுவும் பாகுபாடுதான்னு 2வது பிரிவு சொல்லுது. இத ரெண்டே வரியில நிறுத்திக்கிட்டேன், சட்டத்த நீட்டினா மெயில் லீகல் டிபார்ட்மென்ட்டுக்குப் போய்ப் படுத்துக்கும்.

முக்கியமா, கேக்கறத ரெண்டா பிரிச்சேன். ஒண்ணு, சைட்ட சரி பண்ணுங்க. ரெண்டு, அது முடியற வரைக்கும் என் விண்ணப்பத்த மெயில்லயே வாங்கிக்கங்க, கடைசி தேதி எனக்குப் பொருந்தாதுன்னு எழுத்துல குடுங்க. ரெண்டாவது நாலே நாள்ல வந்துச்சு. முதல்ல அத வாங்கிடுங்க, இல்லைன்னா சைட் சரியாகறதுக்குள்ள வேலைக்கு வேற ஆள் எடுத்துடுவாங்க.

அப்புறம் டெவலப்பர் ஒருத்தர் போன் பண்ணார், நல்ல பையன். மவுஸ கழட்டி வச்சுட்டு நீங்களே ஒரு தடவை நிரப்பிப் பாருங்கன்னேன். சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டு "சார், நானும் காலண்டர்ல மாட்டிக்கிட்டேன்"னார். அதுக்கப்புறம் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கல. சரி பண்ணி டெஸ்ட்டுக்குக் குடுத்தப்போ எல்லா பட்டனுக்கும் பேருலயே பட்டன்னு சேர்த்து வச்சிருந்தார், என்விடிஏ தன் பங்குக்கு ஒண்ணு சேர்த்து "சப்மிட் பட்டன் பட்டன்"னு படிச்சுது. அதயும் சொல்லி மாத்தினோம்.

7வது வாரம் விண்ணப்பத்த யார் துணையும் இல்லாம நானே அந்த சைட்லயே நிரப்பி அனுப்பிச்சேன், 12 நிமிஷம். மறுநாள் ரசீது பிடிஎஃப்பா வந்துச்சு. திறந்தா ஸ்கேன் பண்ண வெறும் படம், என்விடிஏ "காலி டாகுமென்ட்"ங்குது. அந்தப் பையன் நம்பர் இருக்கு, திங்கக்கிழமை கூப்பிடணும்.