ஜாக்கி, பத்து, ஏழு

மார்ச் 3, செவ்வாய்

ஆட்டம் ஷார்ட் டெக் போக்கர்: 2 முதல் 5 வரை நீக்கிய 36 சீட்டு, ஆளுக்கு இரண்டு, நடுவே பலகையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. சால்வரில் (சிறந்த ஆட்டத்தைக் கணக்கிடும் மென்பொருளில்) ஓட்டும் ஃப்ளாப், அதாவது பலகையின் முதல் மூன்று சீட்டு, ஜாக்கி-10-7, மூன்றும் வேறு வேறு சூட். பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயப் பணம், 20 ஆண்டி (ஆண்டி: ஆட்டத்துக்கு முன் ஆளுக்குப் போடும் கட்டாயத் தொகை), இருவருக்கும் பின்னால் மிச்சம் 92. பெட் (பந்தயம்) அளவு மூன்றுதான் கொடுத்தேன்: பாட்டில் மூன்றில் ஒரு பங்கு, முக்கால், ஆல்-இன் (மிச்சம் முழுவதும்). பிழை பாட்டில் அரை சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். மதியம் வரை 2-க்குப் பக்கத்திலேயே இழுத்துக்கொண்டிருந்தது.

முழங்கால் மடங்கவில்லை.

மார்ச் 4, புதன்

முடிந்துவிட்டது. பட்டனில் (கடைசியாக முடிவெடுக்கும் இடத்தில்) நான், கையில் ஏஸ்-ஜாக்கி. லிம்ப் செய்து (குறைந்தபட்சத் தொகையோடு நுழைந்து) என் ரைஸை (உயர்த்திய தொகையை) கால் செய்தவன் (ஈடுகட்டியவன்) ஃப்ளாப்பில் செக் செய்து (பெட் வைக்காமல்) தருகிறான். டாப் ஜோடி (பலகையின் பெரிய சீட்டோடு சேர்ந்த ஜோடி), அதற்கு மேல் கிக்கர் (துணைச் சீட்டு) கிடையாது. நான் கொடுத்த ரேஞ்சுகளுக்கு (ஒருவன் வைத்திருக்கக்கூடிய கைகளின் தொகுப்புகளுக்கு), சால்வர் இந்தக் கையோடு பல சமயம் தானும் செக் செய்துவிட்டு டர்னைப் (நான்காவது சீட்டைப்) பார்க்கிறது.

நம்பிக்கை வரவில்லை. பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். எதிராளிக்கு ராஜா-ராணி என்று வைத்தேன். எனக்கும் அவனுக்கும் பலகைக்கும் போக மிச்சம் 29 சீட்டு. அவனுக்கு உதவுபவை ஸ்ட்ரெயிட் (தொடர்ச்சியான ஐந்து சீட்டு) தரும் ஏஸ் மூன்று, 9 நான்கு, பெரிய ஜோடி தரும் ராஜா மூன்று, ராணி மூன்று. ஆக 13. இரண்டு சீட்டு வர இருக்கிறது. பிறகு எனக்கு மீட்சி தரும் வழிகளையும் (ஜாக்கி இன்னொன்று, ராஜாவும் ராணியும் சேர்ந்து வருவது) ஒவ்வொரு டர்னாகக் கழித்துக் கூட்டினால், பாக்டோர் ஃப்ளஷ் (கடைசி இரண்டு சீட்டும் சேர்ந்து வந்து ஐந்தும் ஒரே சூட்டாவது) நீங்கலாக, ராஜா-ராணிதான் 63 சதவீதம் ஜெயிக்கிறது. இதே கணக்கை 52 சீட்டில் போட்டேன். 47 வந்தது.

அதாவது முன்னால் இருப்பதாக நான் நினைத்த கை பின்னால் இருக்கிறது. 'கையைப் பாதுகாக்க பெட் வை' என்று எல்லோரும் சொல்வார்கள். முந்தி இருப்பவன்தானே காவல் போட வேண்டும்?

மார்ச் 5, வியாழன்

7-8-9 வந்தால் ஏஸ்-6 ஸ்ட்ரெயிட். ஏஸ் அங்கே 5-இன் இடத்தில் உட்காருகிறது. கண் இன்னும் அதைப் பார்க்க மறுக்கிறது.

மார்ச் 7, சனி

எத்தனை சதவீதம் செக், எத்தனை சதவீதம் பெட் என்று மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டேன். அது எதற்கும் உதவாது. மேஜையில் யாரும் 37-ஐயும் 41-ஐயும் பிரித்து ஆட முடியாது. அதற்குப் பதில் டர்ன் சீட்டுகளை வரிசையாக நடந்து பார்க்கிறேன்.

என் கையில் ஏஸ்-ஜாக்கி, பலகையில் ஜாக்கி-10-7. எனக்குத் தெரியாதவை 31. அதில் ஏஸ் வந்தால் ராஜா-ராணிக்கு ஸ்ட்ரெயிட். ராஜா வந்தால் ஏஸ்-ராணிக்கும் ராணி-9-க்கும். ராணி வந்தால் ஏஸ்-ராஜாவுக்கும் ராஜா-9-க்கும். 9 வந்தால் ராஜா-ராணிக்கும், 8 வைத்திருக்கும் எல்லோருக்கும். 8 வந்தால் 9 வைத்திருக்கும் எல்லோருக்கும். 3, 4, 4, 4, 4. மொத்தம் 19.

மிச்சம் 12. அதில் ஜாக்கி, 10, 7 என எட்டு சீட்டு பலகையை ஜோடியாக்கும். பலகை அப்படியே இருக்க வேண்டுமானால் 6 வர வேண்டும். நான்கு சீட்டு!

இதைப் பார்த்த பிறகு அந்த செக் விசித்திரமாகத் தெரியவில்லை. ஃப்ளாப்பில் பாட்டைப் பெருக்கினால், 31-இல் 19 தடவை யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாத டர்னில், பெருத்த பாட்டோடு உட்கார்ந்திருப்பேன். சால்வர் பயந்து செக் செய்யவில்லை. டர்னைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது இந்தக் கைக்கு லாபம், அவ்வளவுதான்.

ஒருவேளை நான் இதை மிகைப்படுத்துகிறேனோ. செட்டோ (கையில் ஜோடி, பலகையிலும் அதே எண்) ஸ்ட்ரெயிட் ஆகிவிட்ட 9-8-ஓ கையில் இருந்தால் சால்வர் தயங்காமல் பெட் வைக்கிறதே. சரி, அதுவும் நியாயம்தான். அவற்றுக்கு கால் செய்யத்தான் இந்தப் பலகையில் ஆள் நிறைய.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வந்தாள். லேப்டாப் விசிறி இரைவதைக் கேட்டு, "இன்னும் அதே மூணு சீட்டாடா?" என்றாள். ஆமாம் என்றேன். "காலை நீட்டி மடக்கச் சொன்னாங்களே, அதைச் செஞ்சியா?" அதற்கு பதில் சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

நண்பன் அவன் ஓட்டிய கோப்பை அனுப்பினான். அதே ஃப்ளாப், அதே ரேஞ்ச் என்றான். திறந்தால் ஒன்றுமே பொருந்தவில்லை. 7-7 வெறிபிடித்ததுபோல ஆடுகிறது, ராஜா-ராணி ஓடி ஒளிகிறது. அரை மணி நேரம் தேடிய பிறகுதான் பிடிபட்டது. அவனுடைய அமைப்பில் மூன்று ஒரே எண், ஸ்ட்ரெயிட்டை ஜெயிக்கும். பழைய விதி. அப்படி ஆடும் மேஜைகளும் உண்டு. எங்களுடையது அப்படி இல்லை.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். 36 சீட்டில் ஐந்தை எடுத்தால் ஸ்ட்ரெயிட் 6,120 வழி, மூன்று ஒரே எண் 16,128 வழி. ஸ்ட்ரெயிட்தான் அரிது. ஆனால் நாம் ஆடுவது ஏழு சீட்டிலிருந்து ஐந்தைப் பொறுக்கும் ஆட்டம். அங்கே தலைகீழாகி ஸ்ட்ரெயிட் மலிந்துவிடுகிறது. அபூர்வத்தின்படி வரிசை என்றால் பழைய விதிதான் சரி. ஆட்டம் சுவாரசியமாக இருக்க வேண்டும் என்றால் புதியது. எனக்குப் புதியதுதான் பிடிக்கிறது. பழைய விதியில் 7-7 செட்டுக்கு எதிராக ராஜா-ராணிக்கு உயிரே இல்லை. எங்கள் விதியில் 31.5 சதவீதம். பாட் அளவு ஆல்-இன்னை கால் செய்ய 33.3 வேண்டும். செட்டுக்கு எதிராகவே இவ்வளவு நெருக்கம் என்றால் மற்ற கைகளுக்கு எதிராகச் சொல்லவே வேண்டாம்.

அவனுக்கு எழுதினேன். "ஓ" என்று மட்டும் பதில்.

மார்ச் 11, புதன்

வலி. எதுவும் ஓட்டவில்லை.

மார்ச் 13, வெள்ளி

ஹார்ட்டின் மூன்று விழுந்த பலகைகள். இங்கே ஃப்ளஷ், ஃபுல் ஹவுஸை (மூன்று ஒரே எண்ணும் ஒரு ஜோடியும்) ஜெயிக்கும். ஒரு சூட்டில் ஒன்பதே சீட்டு. பலகையில் மூன்று போனால் மிச்சம் ஆறு, அதில் இரண்டு சேர 15 வழி. என் கையில் ஹார்ட்டின் ஏஸ் ஒன்று மட்டும் இருந்தால் மிச்சம் ஐந்து, 10 வழி. எதிராளியின் ஃப்ளஷ்களில் மூன்றில் ஒரு பங்கு என் கைக்குள்ளேயே அடைபட்டுவிட்டது. 52 சீட்டில் இதே நிலையில் 45, 36 ஆகும். ஐந்தில் ஒன்றுதான்.

ரிவரில் (ஐந்தாவது சீட்டில்) சால்வர் ப்ளஃப் செய்ய (நல்ல கை இல்லாமலே பெட் வைக்க) தேடும் கைகளில் ஒற்றை ஹார்ட்டின் ஏஸ் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுதான் காரணம். உயர்ந்த ஃப்ளஷ் எவனிடமும் இல்லை என்பது அந்த ஒரு சீட்டைப் பிடித்திருப்பவனுக்கு மட்டும் தெரியும். அந்த இடத்தில் இன்னும் பெரிதாக வைக்கலாம் என்று தோன்றுகிறது. கூட்டமாக கால் செய்கிறவர்களிடம் வேண்டாம்.

இன்று மனசு லேசாக இருக்கிறது. படிக்கட்டில் ஒரு படி.

மார்ச் 14, சனி

சூட்டின் பெயர் மட்டும் மாறுபவற்றை ஒன்றாக எண்ணினால், 52 சீட்டில் வேறுபட்ட ஃப்ளாப் 1,755. இங்கே 573. குறைவுதான், ஆனால் யாருக்கு முடியும்.

மார்ச் 16, திங்கள்

மூன்றாவது ஆள்.

காலையிலிருந்து இதே நினைப்பு. ஆறு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு ஓர் ஆண்டி, பட்டன் இரண்டு. பாட்டில் 7 கிடக்கிறது. லிம்ப் செய்ய 1 போதும். எட்டில் ஒரு பங்கு, 12.5 சதவீதம் ஜெயித்தால் போட்ட காசு திரும்பும். இந்த விலைக்கு யார்தான் உள்ளே வர மாட்டார்கள்? அதனால் உண்மையில் நான் பார்க்கும் ஃப்ளாப்புகளில் மூன்று பேர், நான்கு பேர் இருக்கிறார்கள். நான் தினமும் ஓட்டுவதோ இரண்டு பேர் மரம் (ஆட்டத்தின் எல்லாக் கிளைகளும் அடங்கிய கணக்கு).

இருவர் ஆடும்போது சமநிலை (யாரும் தன் ஆட்டத்தை மட்டும் மாற்றி லாபம் பார்க்க முடியாத நிலை) கிடைத்தால் அதற்கு ஓர் உத்தரவாதம் உண்டு. எதிராளி என்ன செய்தாலும், நீண்ட ஓட்டத்தில் அவனால் என்னை அரிக்க முடியாது. 2007-இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த சிஎஃப்ஆர் முறை (நிரல் தன்னோடு தானே திரும்பத் திரும்ப ஆடித் தவறைக் குறைத்துக்கொள்ளும் வழி), 2015-இல் அதே இடத்துக்காரர்கள் இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெம்மை (பெட் அளவு வரையறுக்கப்பட்ட போக்கரை) ஏறக்குறைய தீர்த்துவைத்தது, எல்லாம் அந்த உத்தரவாதத்தின் மேல் நிற்பவை. மூன்றாவது ஆள் வந்ததும் அது போய்விடுகிறது. ஒருவன் தன் நஷ்டத்தைப் பொருட்படுத்தாமல் தப்பாக ஆடினால், லாபம் எனக்கு வராமல் மற்றவனுக்குப் போகலாம். 2019-இல் புளூரிபஸ் என்ற போக்கர் நிரல் ஆறு பேர் மேஜையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஜெயித்தது. ஆனால் அது நடைமுறையில் ஜெயித்தது, உத்தரவாதத்தோடு அல்ல.

மறுபடி ஏஸ்-ஜாக்கி, ஜாக்கி-10-7. தெரியாத 31 சீட்டில் 465 கை. 9-8, ராஜா-ராணி, ராணி-9, தலா 16. மொத்தம் 48, பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த கைக்கு. லிம்ப் செய்கிறவன் வைத்துக்கொள்வதே இந்த மாதிரிக் கைகளைத்தான், தூக்கிப் போடுவது வேறு. ஆக அந்தப் பங்கு இன்னும் ஏறும். அப்படி இரண்டு பேர் எதிரே இருந்தால்? இருவர் மரத்திலேயே தயங்கிய கை, மூவர் மரத்தில் என்ன செய்யும்?

செக் செய்யும். அதற்குக் கணினி வேண்டாம். ஆனால் டர்னில் 6 விழுந்து, இருவரும் செக் செய்தால்? அங்கேதான் எனக்கு வழி தெரியவில்லை.

தூங்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

பிசியோ பெண் "வேற ஏதாவது யோசனையில இருக்கீங்களா சார்?" என்றார். மூன்றாவது ஆள் என்று சொல்ல வாய் வந்தது.

மார்ச் 19, வியாழன்

இருவர் மரத்திலேயே நோடு லாக் செய்து பார்த்தேன். எதிராளி ஃப்ளாப்பில் செக்-ரைஸே (செக் செய்துவிட்டு என் பெட்டுக்கு மேல் உயர்த்துவது) செய்ய மாட்டான் என்று பூட்டினேன். எங்கள் மேஜையில் பாதிப் பேர் அப்படித்தான். ஏஸ்-ஜாக்கி உடனே உயிர் பெற்று, சின்ன பெட்டாக வைக்க ஆரம்பித்தது. காரணம் வெளிப்படை. பெட் வைப்பதன் உண்மையான விலை, ரைஸ் வந்து கையைத் தூக்கிப்போட வேண்டியிருப்பது. அந்த விலையை எடுத்துவிட்டால் ராணி-9-இடம் பணம் கேட்பது எனக்கு வசதி.

அப்படியானால் இத்தனை நாளும் பார்த்த அந்த செக் ஃப்ளாப்புக்கான பதில் அல்ல. ராஜா-ராணியை வைத்துத் துணிந்து ரைஸ் செய்யும் ஓர் ஆளுக்கான பதில். அவன் எங்கள் மேஜையில் ஒருவன்தான். எனக்கு இடப்பக்கம் உட்காருகிறவன்.

இனி ஒவ்வொரு ஃப்ளாப்பையும் இரண்டு தடவை ஓட்ட வேண்டும். பூட்டோடு ஒன்று, பூட்டில்லாமல் ஒன்று. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு மாறுகிறது என்பதுதான் நான் எழுதி வைக்க வேண்டிய ஒரே எண்.

மார்ச் 20, வெள்ளி

முழங்கால் மடங்கும் கோணம் தொண்ணூறு டிகிரி!

மார்ச் 22, ஞாயிறு

மூவர் மரம் மெமரி தாண்டி நின்றுவிட்டது. பெட் அளவை முக்கால் ஒன்றோடு நிறுத்தினேன், அப்போதும் முரண்டு பிடிக்கிறது. ரேஞ்சை வெட்டலாம், ஆனால் லிம்ப் ரேஞ்சை வெட்டினால் அப்புறம் எதற்கு மூன்றாவது ஆள்?

இடப்பக்கத்து ஆள் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். அடுத்த வாரம் ஆட்டம் உண்டாம், இடம் மாற்றிவிட்டார்களாம், இரண்டாவது மாடி. லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.