சட்டைக் கழுத்தில் ஒரு நாட்டின் பெயர்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் நேற்று மகனுக்குச் சட்டை வாங்கியபோது, கழுத்தில் தைத்திருந்த ‘வங்காளதேசத் தயாரிப்பு’ என்ற துணிச்சீட்டு என்னை வெகுநேரம் நிற்க வைத்தது. இதைத் தைத்த ஆலை பாதுகாப்பானது என்று யார் சொன்னால் நம்பலாம்?

பாகிஸ்தானில், கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலைக்கு, நல்ல பணிச்சூழலுக்கான எஸ்.ஏ. 8000 சான்றிதழ் 2012 ஆகஸ்டில் கிடைத்தது. மறுமாதம் 11ஆம் தேதி பற்றிய தீயில், பூட்டிய கதவுகளுக்கும் கம்பியிட்ட சன்னல்களுக்கும் பின்னால் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். (தீ திட்டமிட்டு வைக்கப்பட்டது என்று நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது; ஆனால், கதவு பூட்டியிருந்ததைச் சான்றிதழுக்காக வந்த ஆய்வாளர் ஏன் காணவில்லை?) ஆலையே கட்டணம் செலுத்தி, நாளும் முன்பே தெரிந்து நடக்கும் தணிக்கையைச் சுதந்திரமானது என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

வங்காளதேசத்தில் ஆடை ஆலைகள் இயங்கிய ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகே, 2013 மே மாதத்தில், தொழிற்சங்கங்களுடன் ஆடை நிறுவனங்கள் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆலைப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி ஆய்வறிக்கைகள் யாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டன.