பைட்டோவைக் கையில் வாங்கியதுமே வாசித்துவிடுங்கள்

யாங்கோனிலிருந்து சென்னைக்கு உளுந்து அனுப்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் சரக்கில் ஒரு குறையும் இல்லை. பைட்டோவில், அதாவது சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்று இங்குள்ள அரசு அலுவலகம் தரும் பயிர் நலச் சான்றிதழில், யாரோ ஒரு சொல்லை மாற்றி அடித்ததால் கன்டெய்னர் துறைமுகத்தில் முடங்கிக் கிடந்தது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

யாங்கோனின் பயின்னவுங் சந்தையில் சித்தப்பா கடை வைத்திருக்கிறார். பகோ பக்கம் நெல் அறுத்த வயலில் மிச்ச ஈரத்தை நம்பி விதைக்கிற உளுந்து அது. எஸ்.க்யூ. என்கிற உயர்தர ரகம், 50 கிலோ மூட்டை. கொள்முதல், ஏற்றுமதி உரிமம், பூச்சியைக் கொல்ல மெத்தில் புரோமைடு புகை போட்டது எல்லாம் சுலபமாக முடிந்தன.

பைட்டோ சான்றிதழில்தான் வினை. உளுந்தின் அறிவியல் பெயரான விக்னா முங்கோ என்று இருக்க வேண்டிய இடத்தில் விக்னா ரேடியேட்டா என்று அடித்திருந்தார்கள். அது பாசிப்பயறு. விண்ணப்பத்தில் நாங்கள் சரியாகத்தான் எழுதியிருந்தோம். சான்றிதழை வாங்கிய ஏஜென்ட் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கூரியரில் போட்டுவிட்டார்.

சென்னையில் சரக்கை வாங்கும் அண்ணன் போன் செய்தார். "தம்பி, மூட்டையைப் பிரித்தால் கறுப்பு உளுந்து கொட்டுகிறது, காகிதத்தில் பாசிப்பயறு என்று இருக்கிறது. பயிர்ச் சரக்கைச் சோதிக்கிற குவாரன்டைனில் தொடவே மாட்டேன் என்கிறார்கள்." அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்போது இந்தியா உளுந்தைத் தாராளமாக இறக்க விட்டது, ஆனால் பாசிப்பயறை 2022 பிப்ரவரியில் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றிவிட்டது. 2017 ஆகஸ்டில் இந்தியா திடீரென்று உளுந்துக்கு அளவு விதித்து இங்கே விலை சரிந்ததைப் பார்த்தவர் சித்தப்பா. கன்டெய்னர் நிற்கிறது என்றதும், "மறுபடியும் தடையா?" என்றுதான் கேட்டார்.

சான்றிதழ் கொடுத்த யாங்கோன் அலுவலகத்துக்குத் திருத்தம் வாங்கப் போனால், ஸ்கேன் பிரதி போதும் என்றார் ஒரு எழுத்தர். அதை எடுத்துக்கொண்டு போனால், அதே ஆள் அசல் இல்லாமல் முடியாது என்றார். பழையதை ரத்து செய்துதான் புதியது தருவார்களாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! முத்திரை விழுந்த விண்ணப்ப நகலை நீட்டினேன். பார்க்காமலே திருப்பித் தள்ளினார்.

நான் நகராமல் நின்றதைப் பார்த்து உள்ளேயிருந்து ஒரு சயாமா (பெண் அதிகாரியை இங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்தார். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் அந்தப் பெயரில் நிறுத்தினார். "தப்பு எங்களுடையது. அசலைக் கொண்டு வாருங்கள், அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். சொன்னபடி செய்தார், அவர் நன்றாக இருக்க வேண்டும். அசலை அண்ணனின் சொந்தக்காரர் ஒருவர் யாங்கோனுக்குத் திரும்பும்போது கையோடு கொண்டுவந்து கொடுத்தார்.

முத்திரை போட்ட விண்ணப்ப நகல் இல்லையென்றால் என் பேச்சு எடுபட்டிருக்காது. அதை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். சான்றிதழ் வந்ததும் பயிர்ப் பெயர், கன்டெய்னர் எண், சீல் எண், மூட்டைக் கணக்கு, எடை எல்லாவற்றையும் விண்ணப்பத்தோடு ஒத்துப் பாருங்கள். புகை போட்ட விவரத்தில் மருந்து, அளவு, நேரம், தேதி நான்கும் இருக்க வேண்டும். 2021இல் இந்தியாவும் பர்மாவும் போட்ட ஒப்பந்தத்தின்படி 2021-22 முதல் 2025-26 வரை வருடத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து போகலாம் என்று இருந்தது, ஆனால் அந்தக் கணக்கில் அனுப்ப இங்குள்ள வர்த்தக அமைச்சகத்தின் பிறப்பிடச் சான்றிதழும் வேண்டியிருந்தது. பிறப்பிடச் சான்றிதழ் வாங்கினால் அதில் உள்ள விவரமும் பைட்டோவோடு பொருந்த வேண்டும். அப்புறம், கப்பலில் இடம் பிடிக்கும்போதே வாடகை இல்லாமல் கன்டெய்னரை வைத்திருக்க விடும் இலவச நாட்களைக் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். துறைமுக வாடகையும் கன்டெய்னர் வாடகையும் தனித்தனியாக ஏறும்.

புதிய பைட்டோ போய்ச் சேர்ந்ததும் கன்டெய்னரை விட்டுவிட்டார்கள். வாடகையில் பாதியைத் தருவதாக ஏஜென்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். மீதிப் பாதியையும் நான் விடுவதாக இல்லை.