எனுமரேட்: எண்ணுவதா, சொல்வதா?

பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்கு எனுமரேட் (enumerate) பழகிய பெயர். 2003-இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து அது மொழியோடு இருக்கிறது. ஒரு பட்டியலைக் கொடுத்தால் ஒவ்வொன்றையும் அதன் வரிசை எண்ணோடு சேர்த்து நீட்டும்: 0 வெள்ளை, 1 கறுப்பு, 2 சிவப்பு. ஆங்கில வினைச்சொல்லின் இரண்டு பொருளும் இதில் ஒன்றாக வந்துவிடுகின்றன என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். எண்ணிக்கை எடுப்பதும் எனுமரேட்தான், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே போவதும் எனுமரேட்தான்.

வேர் லத்தீன். நூமெருஸ் என்றால் எண், நூமெராரே, எண்ணுதல். முன்னால் 'வெளியே' என்ற பொருள் தரும் எக்ஸ், எ என்று சுருங்கி ஒட்டிக்கொண்டது. ஆக, உள்ளே இருப்பதை வெளியே எடுத்து எண்ணி வைப்பது. ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்குகிறது. நம்பரும் இதே குடும்பம்தான். ஆனால் அது பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தது, நடுவில் இருக்கும் 'ப' ஒலி அங்கே ஏறியது.

அப்புறம் ஐட்டமைஸ் (itemise), ஒவ்வொன்றாகப் பிரித்துப் பட்டியலிடுவது; ஐட்டம் என்ற சொல்லிலிருந்து வந்தது. இதன் கதை இன்னும் அழகு. லத்தீனில் ஐட்டம் பெயர்ச்சொல்லே இல்லை, 'அதேபோல' என்று பொருள்படும் வினையடை. பழைய உயில்களிலும் சொத்துப் பட்டியல்களிலும் ஒவ்வொரு வரியும் 'ஐட்டம், ஒரு கட்டில். ஐட்டம், ஒரு பெட்டி' என்கிற மாதிரி தொடங்கும். எழுதி எழுதி, வரியைத் தொடங்கிய சொல்லே வரியில் இருந்த பொருளுக்குப் பெயராகிவிட்டது.