வேலூர் வழக்கும் நம்மிடம் இல்லாத ஓர் ஒப்பந்தமும்

ஆம்பூருக்கு அருகே எங்கள் தாத்தா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. சமையலுக்கென்று பாட்டி தனியாக ஒரு குடம் நல்ல தண்ணீர் பிடித்து வைத்திருப்பார். கோடையில் வரப்போரம் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். டேனரி எனப்படும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுதான் காரணம் என்பது ஊரறிந்த சங்கதி. அதை எவரிடம் போய் முறையிடுவது என்பதுதான் தெரியாமலிருந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் அதை உச்ச நீதிமன்றத்திடம் முறையிட்டது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழானதாகக் கண்ட ஆய்வைக் குறிப்பிட்டதோடு, அறிவியல் உறுதி கிடைக்கட்டும் என்று காத்திராமல் கேட்டைத் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அறிவித்தது. 1992-இல் பிரேசிலின் ரியோ நகரில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டின் பிரகடனத்தில் அரசுகள் ஏற்றுக்கொண்ட வாசகங்கள், பாலாற்றங்கரை மக்கள் தொடுத்த வழக்கின் வழியாக இங்கே சட்டத்தில் வேரூன்றின. சட்டக் கல்லூரிகளில் இவ்வழக்கைப் படிக்காதவர் இருக்க முடியாது. வேலூரிலேயே இதை அறியாதவர் பலர்.

அதே ரியோ பிரகடனத்தின் பத்தாவது கோட்பாடு, தகவல் பெறுதல், முடிவெடுப்பதில் பங்கேற்றல், நீதி கோருதல் என்று மூன்று உரிமைகளைப் பேசுகிறது. ஐரோப்பா அதனை 1998-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஒப்பந்தமாகவே ஆக்கிக்கொண்டது. ஒரு நாடு அதனை மீறுவதாகக் கருதும் சாதாரணக் குடிமகனோ அமைப்போ நேரடியாக முறையீடு அனுப்ப அங்கே ஒரு குழு இருக்கிறது. அக்குழு நீதிமன்றம் அல்ல. ஆனாலும் அதன் கேள்விகளுக்கு அரசு விளக்கம் சொல்லியாக வேண்டும். லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகளுக்கான எஸ்காசு ஒப்பந்தம் 2018-இல் உருவாகி 2021-இல் நடைமுறைக்கு வந்தது. சுற்றுச்சூழலுக்காகக் குரல் கொடுப்போரைப் பாதுகாக்கும் கடமையையும் அது அரசுகள்மீது சுமத்துகிறது.

தெற்காசியாவுக்கும் 1982 முதல் கொழும்பில் ஒரு கூட்டுறவு சுற்றுச்சூழல் அமைப்பு இயங்கி வருகிறது. அது அரசுகள் அரசுகளோடு பேசும் இடம். வாணியம்பாடிக்காரர் ஒருவர் மனு கொடுக்க அங்கே வழியில்லை.

உள்ளூரில் நமக்கு வாய்த்திருப்பது, திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் முன் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு குறித்த 2006-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கை, முப்பது நாள் முன்னறிவிப்பையும் உள்ளூர் மொழியில் அறிக்கைச் சுருக்கத்தையும் கட்டாயமாக்குகிறது. நான் போயிருந்த ஒரு கூட்டத்தில் கிடைத்த தமிழ்ச் சுருக்கத்தை, தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பாவே இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பெரியவர் ஒருவர் தம் கிணற்று நீரைப் பாட்டிலில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பாட்டில் அங்கேயே இருந்தது. பங்கேற்பு என்ற சொல்லை எங்கே கேட்டாலும் எனக்கு அந்தப் பாட்டில்தான் நினைவுக்கு வருகிறது.

பாலாற்று டேனரிகள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் ஒரு தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. முதல் வழக்குத் தொடுத்து முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளுக்கும் அக்குழுவில் இடமுண்டு என்று படித்தவுடன், பாட்டில் கொண்டுவந்த பெரியவர் எந்த ஊர்க்காரர் என்று பெரியப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன்.