தங்காள் அழுத பக்கம்

"அந்தப் புள்ள அங்க நின்னு அழுகுது, சத்தம் இங்க வருதே கண்ணு?"

நேத்து ராத்திரி, காங்கேயம் பக்கம் அண்ணன்மார் கூத்தில் (பொன்னர்-சங்கர் கதை) என் அம்முச்சி, அம்மாவைப் பெத்தவங்க, கேட்டது.

மேடையின் இடது கோடியில் அந்த அண்ணன்மாரின் தங்கை தங்காள். அவள் ஒப்பாரியோ எங்கள் வலப்பக்க ஸ்பீக்கர் பெட்டியில். அம்முச்சி பெட்டியையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துட்டே இருந்தாங்க.

லண்டன் இசை நாடக அரங்குகள் சிலவற்றில் நடிகர் நகர நகர, குரலும் கூடவே நகரும். முதலில் எட்டும் ஒலி எந்தத் திசையோ, அங்கேதான் ஆள் என்று காது நம்பும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட். அந்தக் கணக்கில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் கணினி தாமதப்படுத்துகிறது.

நம்ம திடலுக்கு அவ்வளவு வேண்டாம். தங்காள் பக்கம் ஒரு சின்னப் பெட்டி, பெரிய பெட்டிகளுக்குக் கொஞ்சம் தாமதம். செய்து பார்க்கலாமே!

விடியற்காலை உடுக்கை மட்டும் மைக் இல்லாமல் ஒலித்தது.

அம்முச்சி சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாங்க.